அடியில் எழுதிய பெயர்

மரியா மார்ட்டினஸின் கருப்புப் பானையை விலைக்கு வாங்க வருகிறவர்கள் முதலில் அதைக் கவிழ்த்துத்தான் பார்க்கிறார்கள். வயிறு எவ்வளவு பளபளப்பு, கழுத்து எவ்வளவு நேர்த்தி என்பதெல்லாம் அப்புறம். அடியில் என்ன எழுதியிருக்கிறது? ‘மரீ’ என்று மட்டும் இருந்தால் அது 1920களின் முற்பகுதி. ‘மரீ, ஹூலியன்’ என்றால் கணவர் உயிரோடு இருந்த காலம். ‘மரீ, சான்டானா’ என்றால் கணவர் போன பிறகு மருமகளோடு உட்கார்ந்து செய்தது. ‘மரியா, பொப்பொவி’ என்றால் மகனோடு. எந்த ஓவியமும் இல்லாத, வெறும் மெருகேற்றிய பானை என்றால் ‘மரியா பொவேகா’. ஒரு பெண்ணின் குடும்ப வாழ்க்கையைப் பானைகளின் அடிப்பாகங்களை வரிசையாக அடுக்கியே சொல்லிவிடலாம்.

அவர் 1980 ஜூலை 20ஆம் தேதி இறந்தார். பிறந்தது 1887 வாக்கில். பிறந்த நாளை எழுதி வைக்கும் வழக்கம் இல்லாத ஊர். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகரத்துக்கு வடமேற்கே சுமார் இருபது மைலில், ரியோ கிராண்டே ஆற்றோரம் இருக்கும் சான் இல்டெஃபோன்ஸோ அது. டேவா மொழி பேசும் பூர்வகுடிகளின் ஊர். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது அங்கே நூறு சொச்சம் பேர்தான் இருந்தார்கள். நான் இங்கே சொல்ல வருவது அவருடைய கதையைவிட அந்தப் பானையின் கதை. ஆனால் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை.

பானை மண்ணாக இருந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் களிமண்ணைத் தோண்டுவதற்கு முன் ஒரு பிடி சோளமாவைத் தூவுவார்கள். மண் தாய், கேட்காமல் எடுக்கக்கூடாது. களிமண்ணோடு எரிமலைச் சாம்பல் மணலைக் கலந்து பிசைவார்கள். அது கலக்காவிட்டால் காயும்போதே வெடித்துவிடும். சக்கரம் கிடையாது. அடிக்கு ஆழமில்லாத ஒரு தட்டு. அதில் ஒரு மண் அடையைப் பதித்து, அதன் மேல் கயிறு போல உருட்டிய மண்சுருளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, சுரைக்குடுவை ஓட்டால் உள்ளும் புறமும் வழித்து வழித்துச் சுவரை மெலிதாக்க வேண்டும். சக்கரம் இல்லாமல் செய்த பானையா இது என்று பார்க்கிறவர்கள் சந்தேகப்படும் அளவுக்கு மரியாவின் பானைகள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்கும். இதை அவர் சிறுமியாக இருந்தபோது அத்தை நிகொலாசாவிடம் கற்றுக்கொண்டார். நிகொலாசா பாடம் எதுவும் நடத்தவில்லை. செய்துகொண்டிருப்பார், சிறுமி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கற்பிப்பதும் கற்பதும் அவ்வளவுதான்.

ஆனால் அவர் கற்றுக்கொண்ட காலத்தில் பானைக்கு ஊரில் வேலை குறைந்துகொண்டிருந்தது. 1880இல் ரயில் வந்தது. ரயிலோடு தகரக் குவளையும் எனாமல் பாத்திரமும் வந்தன. கீழே போட்டால் உடையாத பாத்திரம் கிடைக்கும்போது தண்ணீருக்கும் தானியத்துக்கும் மண்பானையை யார் தேடுவார்கள்? அதே ரயில்தான் சுற்றுலாப் பயணிகளையும் கொண்டுவந்து இறக்கியது. அவர்களுக்கு வேண்டியது பெட்டியில் அடங்கும் சின்னச் சாமான். ஊருக்குப் போய் அலமாரியில் வைக்க ஒரு நினைவுப் பொருள். பானை அடுப்படியை விட்டு வெளியே வந்து விற்பனைப் பலகைக்குப் போனது இப்படித்தான்.

மரியா முதன்முதலாகக் கண்காட்சிக்குப் போனது 1904இல், கல்யாணமான கையோடு. செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஹூலியனும் அவரும் போய், பார்க்க வருகிறவர்கள் முன்னிலையில் பானை செய்து காட்டினார்கள், ஊர் நடனங்களை ஆடினார்கள். அந்தக் கண்காட்சியில் உலகின் பல பகுதிகளிலிருந்து பழங்குடி மக்களைக் கொண்டுவந்து, குடிசை போட்டு, ‘இப்படித்தான் இவர்கள் வாழ்கிறார்கள்’ என்று காட்டினார்கள். பானையும் காட்சிப்பொருள், செய்கிறவரும் காட்சிப்பொருள். இதைப் பிற்காலப் புகழின் முதல் படி என்று இனிப்பாக எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புதுமணத் தம்பதிகளைத் தேனிலவு நாட்களில் ஆயிரக்கணக்கான அந்நியர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். மரியா அதைத் தாங்கிக்கொண்டதோடு நிற்காமல் அந்தக் கூட்டத்தையும் படித்துக்கொண்டார் என்பதை அதற்குப் பிறகு சொல்லலாம்.

அடுத்த திருப்பம் ஓட்டாஞ்சில்லில் வந்தது. ஊருக்கு மேற்கே பஜாரிட்டோ என்ற மேட்டுநிலம். அங்கே அவர்களுடைய முன்னோர்கள் கைவிட்டுப்போன பழைய குடியிருப்புகளை எட்கர் லீ ஹூவெட் என்ற தொல்லியலாளர் 1907 முதல் தோண்டத் தொடங்கினார். ஹூலியன் அங்கே கூலிக்குத் தோண்டப் போனார். மண்ணிலிருந்து கிடைத்த சில்லுகளைப் பார்த்த ஹூவெட், இந்த மெல்லிய பழைய பானைகள் முழுசாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்பினார். ஊரில் நன்றாகப் பானை செய்கிறவர் யார் என்று கேட்டபோது மரியாவின் பெயரைச் சொன்னார்கள். சில்லைப் பார்த்து முழுப் பானையைச் செய்ய வேண்டும். மரியா வடிவத்தைச் செய்தார். ஹூலியன் ஓவியத்தைத் தீட்டினார்.

1909இல் ஹூவெட் சாண்டா ஃபேயில் பழைய ஆளுநர் மாளிகையில் அருங்காட்சியகம் தொடங்கியபோது இருவரும் சில ஆண்டுகள் அங்கேயே தங்கினார்கள். மரியா முற்றத்தில் உட்கார்ந்து பார்வையாளர்களுக்குப் பானை செய்து காட்டுவார். ஹூலியன் அங்கே துப்புரவுப் பணியாளர். கூட்டிப் பெருக்கிக்கொண்டே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பழைய பானைகளின் சித்திரங்களைப் பார்த்துப் பார்த்து ஒரு குறிப்பேட்டில் வரைந்துகொள்வார். தெற்கே மிம்ப்ரெஸ் பகுதியில் பல நூற்றாண்டுகளுக்கு முன் செய்த பானைகளிலிருந்து அவர் எடுத்துக்கொண்ட இறகு வரிசை பிறகு அந்தக் குடும்பத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வாயைச் சுற்றி வட்டமாக விரியும் அந்த இறகுகள் இல்லாத மார்ட்டினஸ் தட்டை நினைத்துப் பார்ப்பதே கடினம். இன்னொன்று அவான்யு: கொம்புள்ள நீர்ப்பாம்பு. வறண்ட ஊரில் திடீரென்று ஓடையில் பாய்ந்து வரும் வெள்ளத்தின் உருவம் அது. பானையின் தோளைச் சுற்றி வாலையும் தலையையும் நெருக்கி ஓடும்.

1915இல் சான் டியேகோவில் இன்னொரு பெரிய கண்காட்சி. அங்கே சாண்டா ஃபே ரயில் நிறுவனம் ஒரு செயற்கைப் பூர்வகுடி ஊரையே கட்டி வைத்தது. சான் இல்டெஃபோன்ஸோ ஆட்களும் போய்க் கட்டிக்கொடுத்தார்கள். மரியாவும் ஹூலியனும் அங்கேயும் மாதக்கணக்கில் தங்கிச் செய்துகாட்டினார்கள். அப்போது அவர்கள் விற்ற பானைகளில் பல நிறம் இருந்தது, பெயர் இல்லை.

இனி நெருப்புக்கு வருகிறேன். இந்தப் பானையின் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது.

கருப்பு மட்பாண்டம் மரியா கண்டுபிடித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சான்டா கிளாரா ஊரில் மெருகேற்றிய கருப்புப் பானைகள் நெடுங்காலமாகவே உண்டு. மரியாவும் ஹூலியனும் 1918, 1919 வாக்கில் சாதித்தது கருப்பின் மேல் கருப்பு: பளபளக்கும் கருப்புத் தோலில் பளபளக்காத கருப்பில் சித்திரம். பார்க்க எளிது. செய்வதற்கு நாள் கணக்கு.

உலர்ந்த பானையின் மேல் இரும்புச்சத்துள்ள செம்மண் குழம்பைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வழவழப்பான கூழாங்கல்லால் தேய்க்க வேண்டும். தொடங்கிவிட்டால் நிறுத்தக்கூடாது. ஒரு பக்கம் காய்ந்துவிட்டால் மெருகில் கோடு விழும். சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்தக் கற்கள் குடும்பச் சொத்து. தாயிடமிருந்து மகளுக்கும் மருமகளுக்கும் போகும். மெருகு ஏறியபின் ஹூலியன் வேறொரு களிமண் குழம்பைத் தூரிகையில் தொட்டு, மெருகின் மேலேயே சித்திரத்தை வரைவார். அந்தக் கோட்டை மெருகிடுவதில்லை. அதனால் அது சுட்டபின்னும் மங்கலாகவே நிற்கும்.

சுடுவது திறந்த வெளியில். காற்று அசையாத விடியற்காலை பார்த்து வேலையைத் தொடங்குவார்கள். கீழே ஜூனிப்பர் மரச் சிராய்கள். மேலே இரும்புக் கம்பித் தட்டியில் பானைகளைக் கவிழ்த்து அடுக்கி, சுற்றிலும் பழைய தகரங்கள், கார் நம்பர் பலகைகள், அவற்றுக்கு மேல் மாட்டுச்சாண வரட்டி. வரட்டி பானையில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் கறை. தகரம் காக்கும். நெருப்பு ஏறி, பானைகள் சிவந்து வரும் நேரத்தில் தூளாக்கிய குதிரைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டி மூடிவிடுவார்கள். புகை வெளியே போக வழியில்லை. காற்று உள்ளே வர வழியில்லை. செம்மண்ணின் இரும்பு ஆக்சிஜனை இழக்கிறது, கரி மண்ணுக்குள் ஏறுகிறது. சிவந்திருக்க வேண்டிய பானை கருத்துவிடுகிறது. சாணத்தைக் கொட்டாமல் விட்டிருந்தால் அதே பானை சிவப்பாகவே வந்திருக்கும்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான வித்தை இல்லை. ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கருப்பு சிவப்பு மட்கலங்களில் உட்புறமும் வாய்ப்பகுதியும் கருத்து, வெளிப்புறம் சிவந்திருக்கும். காற்றுப் படாத இடம் கருத்தது, பட்ட இடம் சிவந்தது. ரியோ கிராண்டேக் கரையில் அந்தக் காற்றை மொத்தமாகவே அடைத்துவிட்டார்கள்; வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்படிக் குறைந்த சூட்டில் வெந்த பானையில் தண்ணீர் ஊற்றி வைக்க முடியாது. மெருகும் ஓவியமும் கெட்டுவிடும். சூட்டை இன்னும் ஏற்றினால் கெட்டியாகும், ஆனால் பளபளப்பு போய்விடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் அது. அவர்கள் பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பானை தன் பழைய வேலையை விட்டுவிட்டதற்கு அந்தத் தேர்வே சாட்சி. அலமாரிக்காகவே பிறக்கும் பானை. இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர்க்குடமாக இருந்தபோது அந்த ஊருக்கு அதில் வருமானம் ஏதும் இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மரியாவும் ஹூலியனும் செய்முறையை ஒளித்து வைக்கவில்லை. 1920களில் ஊரில் வீட்டுக்கு வீடு கருப்புப் பானை சுட்டார்கள். நிலமும் தண்ணீரும் சுருங்கிப்போன ஒரு விவசாய ஊர் மட்பாண்டத்தால் நிமிர்ந்து நின்றது.

1922இல் சாண்டா ஃபேயில் பூர்வகுடிகளின் கைவினைச் சந்தை தொடங்கியது. அருங்காட்சியகத்துக்காரர்கள் நடத்தினார்கள், கென்னத் சாப்மன் போன்றவர்கள் நல்ல வேலைக்குப் பரிசு கொடுத்து, மட்டமான நினைவுப்பொருள் வியாபாரத்திலிருந்து கைவினையை மீட்கப் பார்த்தார்கள். அந்தச் சந்தை இன்றும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் கூடுகிறது. இந்த வகைச் சந்தைக்கு ஒரு குணம் உண்டு: யார் செய்தது என்று கேட்கும். அதுவரை சான் இல்டெஃபோன்ஸோவில் அந்தக் கேள்வி எழுந்ததில்லை. ஒருவர் மண் கொண்டுவருவார், ஒருவர் வனைவார், இன்னொருவர் மெருகிடுவார், வேறொருவர் வரைவார். பானை வீட்டுடையது. 1923 வாக்கில் மரியா அடியில் பெயர் எழுத ஆரம்பித்தார். வாங்குகிற வெள்ளைக்காரர்களுக்குப் பழக்கமான பெயராக இருக்கட்டும் என்று ‘மரீ’. மட்பாண்டம் பெண்களின் வேலை என்பதால் முதலில் ஹூலியன் பெயர் வரவில்லை. ஓவியம் முழுக்க அவருடையது என்றபோதும் அவர் பெயர் சேர இரண்டு ஆண்டு போலப் பிடித்தது.

பெயர் எழுதிய பானைக்குக் கூடுதல் விலை கிடைத்தது. அக்கம்பக்கத்துப் பெண்கள் இதைப் பார்த்தார்கள். ‘எங்கள் பானையிலும் உன் பெயரை எழுதிக் கொடேன்’ என்றார்கள். மரியா எழுதிக் கொடுத்தார்!

சந்தை நடத்தியவர்களுக்கு இது தெரிய வந்ததும் பதறிப்போய் நிறுத்தினார்கள். அவரவர் பானையில் அவரவர் பெயர் என்று விதி வந்தது. கலைச் சந்தையின் கணக்குப்படி அவர்கள் செய்ததுதான் நியாயம். ஆனால் அந்தப் பெண் செய்தது ஏமாற்று வேலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பெயர் என்பதை அவர் தன் உடைமையாக நினைக்கவில்லை. உப்பு இல்லாத வீட்டுக்கு ஒரு கைப்பிடி உப்புக் கொடுப்பது போலக் கொடுத்தார். அவரை நினைவுகூரும்போது எத்தனை பட்டங்கள், எத்தனை பதக்கங்கள் என்று அடுக்குகிறவர்கள் இந்த ஒரு செய்தியை வேடிக்கைத் துணுக்காகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அவர் யார் என்பது இதில்தான் தெரிகிறது.

பட்டங்களுக்கும் குறைவில்லை. 1933, 1934இல் சிகாகோ உலகக் கண்காட்சி, 1939இல் சான் பிரான்சிஸ்கோ. வெள்ளை மாளிகைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜனாதிபதிகள் அழைத்தார்கள். கௌரவ முனைவர் பட்டங்கள் வந்தன. பானையும் அவரோடு ஊர் ஊராகப் போனது. கண்காட்சியில் அவர் செய்து காட்டும்போது எடுத்த படங்களில் தரையில் உட்கார்ந்து, சால்வையும் வெள்ளிக் கழுத்தணியுமாக, கூட்டத்தைக் கண்டுகொள்ளாத முகத்தோடு இருப்பார். அது பயிற்சியால் வந்த முகம்.

1943இல் ஹூலியன் இறந்தார். அதே ஆண்டு, ஓட்டாஞ்சில்லு கிடைத்த அந்த பஜாரிட்டோ மேட்டில் அணுகுண்டு செய்வதற்கான லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சான் இல்டெஃபோன்ஸோப் பெண்கள் காலையில் பேருந்து ஏறி மேலே போய் விஞ்ஞானிகளின் வீடுகளில் வேலை செய்துவிட்டு மாலையில் இறங்கி வந்தார்கள். அங்கே என்ன செய்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஹூலியனின் தூரிகையை மூத்த மகன் ஆதாமின் மனைவி சான்டானா எடுத்துக்கொண்டார். அடியில் பெயர் மாறியது. ஆதாம் மண் கொண்டுவரவும் சுடவும் துணையாக இருந்தார். அவர் பெயர் பானையில் இல்லை.

இன்னொரு மகன் பொப்பொவி டா 1948இல் ஊரிலேயே ஒரு கடை திறந்தார். அதுவரை பானை சந்தைக்குப் போயிற்று; அதற்குப் பிறகு வாங்குகிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். 1950களின் நடுவில் அவரே அம்மாவின் பானைகளுக்கு வரைய ஆரம்பித்தார். கைவிட்டுப்போன பல நிறப் பானையை மீட்டார், கருப்பை மீறிப் பழுப்பையும் இரும்பு நிறத்தையும் நெருப்பிலிருந்து வரவழைத்தார். அடியில் பெயரோடு மாதத்தையும் ஆண்டையும் எண்களில் குறித்து வைக்கும் பழக்கமும் அவர் காலத்தது. ‘மரீ’ மறுபடி ‘மரியா’ ஆனது.

1952இல் இங்கிலாந்தின் குயவர் பெர்னார்ட் லீச்சும் ஜப்பானின் ஷோஜி ஹமதாவும் சோயெட்சு யனாகியும் ஒன்றாக அந்த ஊருக்கு வந்தார்கள். பெயர் தெரியாத கைவினைஞரின் அழகைத் தத்துவமாக வளர்த்தவர் யனாகி. தன் பானைகளில் கையெழுத்திடுவதை நிறுத்திக்கொண்டவர் ஹமதா. அவர்கள் வந்து பார்த்தது, முப்பது ஆண்டுகளாகப் பெயர் எழுதிக்கொண்டிருந்த ஒரு பாட்டியை. இதைவிட நல்ல சந்திப்பை ஒரு கதாசிரியர்கூட அமைக்க முடியாது.

பொப்பொவி டா 1971இல் தாய்க்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். மரியா அதற்குப் பிறகு பெரிதாகச் செய்யவில்லை, கற்றுக்கொடுத்தார். 1974இல் கலிபோர்னியாவின் ஐடில்வைல்டில் நடந்த கோடைப் பள்ளிக்குக் குடும்பத்தோடு போனார். மின்சூளைக்கும் சக்கரத்துக்கும் பழகிய மாணவர்கள் சாணத்தைத் தூளாக்கக் கற்றார்கள். 1978இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ரென்விக் கலைக்கூடம் ஐந்து தலைமுறைப் பானைகளை ஒன்றாக வைத்துக் காட்டியது. பேரன் டோனி டா கருப்பு மெருகைச் சுரண்டிக் கரடி வரைந்து, பச்சை நீலக்கல்லைப் பதித்திருந்தார். கொள்ளுப்பேத்தி பார்பரா கொன்சாலஸும் அந்த வழியில் வந்தவர்.

மரியா போன பிறகு பானைகள் கைமாறும் வேகம் கூடியது. ஒரு காலத்தில் சில டாலருக்குப் போனவை ஏலத்தில் பல்லாயிரம் டாலருக்குப் போகின்றன. கையெழுத்தின் வளைவை ஒப்பிட்டு ஆண்டைக் கணிக்கும் வல்லுநர்கள் வந்துவிட்டார்கள். பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடிக் கைவினை என்று விற்பதைக் கடுங்குற்றமாக்கி 1990இல் சட்டமும் வந்தது. அண்டை வீட்டுக்காரிகளுக்கு அவர் எழுதிக்கொடுத்த பெயர்கள் இந்த வல்லுநர்களுக்குத் தீராத தலைவலி.

அருங்காட்சியகங்களின் பெயர்ப்பலகைகளும் மெல்ல மாறுகின்றன. முன்பெல்லாம் மரியா மார்ட்டினஸ் என்று மட்டும் இருந்த இடத்தில் இப்போது ஹூலியன் பெயரும் சேர்ந்து வருகிறது, சான்டானாவும் வருகிறார். நாள் முழுக்க உட்கார்ந்து கூழாங்கல்லால் மெருகிட்ட தங்கை கிளாராவின் பெயர் எந்தக் கையெழுத்திலும் இல்லை. அந்தப் பானைகளில் எல்லோரும் முதலில் வியப்பது அந்த மெருகைத்தான்.